எட்டாயிரம் மணி நேரத் துண்டு

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அந்தத் துண்டு அவள் மேசைக்கு வந்தது.

கொண்டுவந்தவரை எல்லோரும் வால்வு என்றுதான் கூப்பிடுவார்கள். ஈயச் சுற்றில் வால்வு திறந்து மூடும் வேலையில் பதினோரு வருடம் இருந்தவர். இப்போது வாசலில் உட்கார்ந்து சாவி கொடுக்கிறார். இடது காலில் மூன்று விரல்கள் கிடையாது.

"ஈயக்கை, உன் நாத்தனார் அன்பளிப்பு அனுப்பியிருக்காங்க. அழுதுடாத."

"எனக்கு இருக்காதுண்ணே. மேல்மாடிக்குப் போறது கீழ வந்திருக்கும்."

"மேல்மாடிக்காரருக்குக் கண்ணுல ஆபரேஷன். பத்து நாள் கட்டு. உலைக்கு எந்த ஸ்டீல்னு முடிவு பண்ற குழு நாளை மறுநாள் வருது. இந்தக் கட்டடத்துல தேய்க்கத் தெரிஞ்ச இன்னொரு கை உன்னுதுதான்."

"அந்தக் கையைப் பார்த்துத்தானே ஆறு வருஷமா சிரிக்கிறீங்க."

"சிரிச்சவங்களுக்கு இப்ப வாய் மூடிக்கிச்சு. கையெழுத்துப் போடு."

போட்டாள். பிளாஸ்டிக் உறைக்குள் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் எஃகுத் துண்டு. மேலே சாம்பல் நிறத்தில் ஈயம் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. சீட்டில் இரண்டே வரி: ஐந்நூற்றைம்பது டிகிரி, எட்டாயிரம் மணி நேரம்.

அணு உலையின் சூட்டை எடுத்து வெளியே கொண்டுவர ஏதாவது ஒன்று உள்ளே ஓட வேண்டும். பல இடங்களில் தண்ணீர் ஓடுகிறது. இவர்கள் கட்ட நினைத்த உலையில் உருகிய காரீயம். எவ்வளவு சூட்டையும் தாங்கும், லேசில் கொதிக்காது, வெடிக்காது. அதற்கு ஒரே ஒரு கெட்ட குணம், தன்னைச் சுமக்கிற குழாயையே தின்பது. எஃகில் கலந்திருக்கும் நிக்கல்மேல் அதற்கு அப்படி ஓர் ஆசை. நிக்கலைக் கரைத்து வெளியே அனுப்பிவிட்டு, காலியான இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியிலிருந்து தட்டிப் பார்த்தால் குழாய் குழாயாகத்தான் இருக்கும். வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அதற்காகத்தான் சோதனைக்கூடத்தில் ஈயச் சுற்று. ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு குழாய் வளையம், ஒரு பம்பு, நடுவில் எஃகுத் துண்டுகளைத் தொங்கவிட ஒரு கூடை. மாதக்கணக்கில் ஈயத்தை ஓடவிட்டுத் துண்டுகளை வெளியே எடுப்பார்கள். ஒரு தவணைக்கு மூன்று துண்டுகள். இரண்டைக் கழுவி எடை போடுவார்கள். மூன்றாவதைக் கழுவாமல், ஒட்டிய ஈயத்தோடு அப்படியே வெட்டித் தேய்த்துப் பார்க்க வேண்டும். கழுவிவிட்டால் ஈயம் எதுவரை போயிருந்தது என்று தெரியாமல் போய்விடும்.

இது அந்த மூன்றாவது துண்டு. இதுபோல் வேறு கிடையாது.

ஆறு வருடங்களுக்கு முன் அவள் மேல்மாடியில் இருந்தாள். அன்று வந்தது பழைய எஃகு, நிக்கல் நிறையக் கலந்தது. வெட்டினாள், தேய்த்தாள், நுண்ணோக்கியில் வைத்தாள். எஃகின் விளிம்பிலிருந்து ஈயம் வெள்ளை விரல்களாக உள்ளே போயிருந்தது. எழுபது மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமன். ஆயிரத்து ஐந்நூறு மணி நேரத்துக்கு அது அதிகம், மிக அதிகம். அப்படியே எழுதிக் கொடுத்தாள்.

சுற்றுக்குத் தலைவி அவளுடைய நாத்தனார். கணவனின் அக்கா. வீட்டில் அண்ணி. கூட்டத்தில் அண்ணி எழுந்து சொன்னது அவளுக்கு வரிக்கு வரி நினைவிருந்தது.

"இவங்க என் தம்பி மனைவி. சொல்றதுக்கு எனக்கே நாக்கு கூசுது. ஆனா இது உள்ளே போன ஈயம் இல்ல. இழுப்பு."

ஈயம் மெழுகு மாதிரி, எஃகு கல் மாதிரி. இரண்டையும் ஒன்றாக வைத்துத் தேய்க்கும்போது கை கொஞ்சம் கனத்தால் ஈயம் வழிந்து எஃகின் மேல் ஏறிக்கொள்ளும். படத்தில் உள்ளே புகுந்தது போலவே இருக்கும். அதற்குத்தான் இழுப்பு என்று பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் செய்யும் தப்பு. துணியை மாற்றி, கையை லேசாக்கி, மறுபடி தேய்த்தால் இழுப்பு போய்விடும். உள்ளே போன ஈயம் எத்தனை தரம் தேய்த்தாலும் போகாது.

"அரை நாள் கொடுங்க. மறுபடி தேய்ச்சுக் காட்டறேன்" என்றாள் அவள்.

"துண்டு கழிவுக்குப் போயிடுச்சு" என்றாள் அண்ணி.

வேறு யாராவது சொல்லியிருந்தால் இரண்டு பேராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள். சொந்தக்காரியே சொன்னால் யார் கேட்பார்கள்? வீட்டுப் பெண்ணை யாராவது வேண்டுமென்றே சபையில் வைத்து இழிவுபடுத்துவார்களா? அத்தனை பேரும் அண்ணியின் நேர்மையை மெச்சிக்கொண்டு கலைந்தார்கள்.

அவளைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள். ரம்பம், அரைக்கும் தாள், கழிவுப் பீப்பாய். ஈயக்கை என்ற பெயர் யார் வாயிலிருந்து முதலில் விழுந்தது என்று தெரியவில்லை. ஒரு மாதத்தில் சாப்பாட்டுக்கூடம்வரை போய்விட்டது.

ஐந்து மாதம் கழித்துச் சுற்றின் வளைவு ஒன்று ஓட்டையானது. ஈயம் தரையில் ஓடியது. வால்வு ஓடி வந்து வால்வை மூடினார், பூட்ஸ் தாங்கவில்லை. குழாயைக் காக்க ஈயத்தில் கலக்கும் ஆக்சிஜனை அளக்கும் கருவி தப்புக் காட்டியது என்று அண்ணி அறிக்கை எழுதினாள். அதையும் நம்பினார்கள்.

மருத்துவமனையில் வால்வு அவளிடம் சொன்னது ஒன்றுதான். "எனக்கு விரல் போச்சு. உனக்குக் கையே போச்சு. நான் பரவாயில்ல."

பத்தரை மணிக்கு அண்ணியே கீழே வந்தாள். ஆறு வருடத்தில் முதல் தடவை. அலுவலகத்தில் இவளை 'நீங்க' என்பாள், வீட்டில் 'நீ'. அண்ணி இதில் தவறவே மாட்டாள்.

"துண்டு கிடைச்சுதா உங்களுக்கு?"

"கிடைச்சுது, மேடம்."

"வியாழன் காலை பத்து மணிக்குக் குழு. புதன் சாயங்காலத்துக்குள்ள படம் வேணும்."

"ரெண்டு நாள்தான் இருக்கு."

"உங்களுக்கு ரெண்டு நாள் தாராளம்."

"என்மேல அவ்வளவு நம்பிக்கையா?"

அண்ணி மேசையில் கிடந்த அரைக்கும் தாளை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள். கீழே வைத்தாள். "வேற ஆள் இல்ல" என்றாள்.

"அதான் பார்த்தேன்."

"இது புது ஸ்டீல். நிக்கல் குறைச்சு, அலுமினியம் சேர்த்தது. ஏழு வருஷ வேலை. மேல ஒரு மெல்லிசான தோல் தானே கட்டிக்கும், ஈயம் உள்ள வராது. இந்தப் படம் சரியா இருந்தா உலைக்கு இதுதான். இல்லேன்னா..." அண்ணி நிறுத்தினாள்.

"இல்லேன்னா?"

"பழைய ஸ்டீலையே போட்டுட்டு ஆக்சிஜனைக் கவனமாப் பார்த்துக்கலாம்னு ஒரு கூட்டம் காத்துக்கிட்டு இருக்கு. அது உங்களுக்கே தெரியும்."

தெரியும். பழைய எஃகை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் கிடையாது.

அண்ணி போன பிறகு அவள் கதவைச் சாத்தினாள். உறையைத் திறந்து துண்டை உள்ளங்கையில் வைத்தாள். ஆறு வருடமாக யார் குடுமி தன் கையில் சிக்க வேண்டும் என்று நினைத்திருந்தாளோ, அவள் தானாகவே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரும் இல்லாததால் சிரித்தாள்.

மெல்லிய சக்கரத்தில் துண்டைக் குறுக்கே வெட்டினாள். பிசினில் பதித்து இறுகவிட்டாள். கூட்டத்தில் அந்தப் படம் திரையில் ஏறும் நேரத்தை மனதில் பலமுறை ஓட்டிப் பார்த்தாள். வெள்ளை விரல்கள். எண்பது மைக்ரான், நூறு மைக்ரான். அண்ணியின் முகத்தில் ஈயாடாது. 'இது இழுப்பு இல்லையா மேடம்?' என்று தானே கேட்பாள். மெதுவாக, மரியாதையாக.

அன்று மாலை ஆறு மணிக்கு வீட்டில் கணவன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒரு பழைய மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்தாலும் கை சும்மா இருக்காது.

"அக்கா போன் பண்ணா. உன்கிட்ட ஏதோ பெரிய வேலை கொடுத்திருக்காளாமே."

"ஆமா."

"பார்த்தியா? அக்கா மனசுல எதையும் வச்சுக்க மாட்டா."

"வச்சுக்கறது நான்தானே. அவங்க ஏன் வச்சுக்கணும்?"

"ஆரம்பிச்சுட்டியா?"

"அன்னிக்குக் கூட்டத்துல என்ன நடந்ததுன்னு உங்ககிட்ட வந்து சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

அவன் திருகைத் திருப்புவதை நிறுத்தவில்லை. "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னேன். அவ எனக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தவ. வேற என்ன சொல்லச் சொல்ற?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். அந்தத் துணியை எடுங்க, தரையெல்லாம் எண்ணெய்."

அவன் துடைத்தான். நல்ல மனிதன். அதுதான் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் செய்தது. அண்ணியும் வீட்டுக்கு வந்தால் நல்லவள்தான். வரும்போதெல்லாம் இவளுக்கு ஏதாவது வாங்கிவருவாள். இவளுக்குக் காய்ச்சல் வந்த வாரம் நான்கு நாள் வந்து சமைத்துப் போட்டாள். அந்தக் கூட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மன்னிப்பாவது கேட்டிருக்கலாம், சண்டையாவது போட்டிருக்கலாம். இரண்டும் இல்லாமல் ஆறு வருடம் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

புதன் காலை ஏழு மணிக்கே போய்விட்டாள். முரட்டுத் தாளில் தொடங்கி, மெல்லிய தாளில் இறங்கி, வைரத் தூள் போட்ட துணிக்கு வந்தாள். தண்ணீர் படாமல் ஆல்கஹால் விட்டுத் தேய்த்தாள். விரலின் கனத்தைத் தவிர வேறு கனம் இல்லை. பதினைந்து விநாடிக்கு ஒரு முறை எடுத்துக் கழுவினாள். துணி புதிது, கை பழையது. ஒன்பதரைக்குத் துண்டு கண்ணாடி மாதிரி இருந்தது.

மேல்மாடிக்குப் போய் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தாள். அதில் கனமான உலோகம் வெள்ளையாகத் தெரியும். எது எந்த உலோகம் என்று பிரித்துச் சொல்லும் பாகம் இரண்டு மாதமாகப் பழுது. படம் மட்டும்தான் வரும்.

படம் வந்தது.

ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று ஈயம். இன்னொரு பக்கம் சாம்பல் நிற எஃகு. நடுவில் ஒரு கறுப்புக் கோடு, அரை மைக்ரான்கூட இல்லை. அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு பொட்டு வெள்ளை உள்ளே போகவில்லை.

விளிம்பு முழுக்கத் தேடினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். ஒரு மூலை, ஒரு கீறல், ஒரு விரிசல். முப்பத்தெட்டு இடங்களில் பார்த்தாள். எட்டாயிரம் மணி நேரம் ஈயம் முட்டியிருக்கிறது, கதவு திறக்கவில்லை.

அண்ணி சொன்னது சரி. ஏழு வருட வேலை சரி. எஃகு நல்ல எஃகு.

அவள் நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்தே இருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய படம். இப்படி ஓர் எஃகு அன்று அந்தச் சுற்றில் இருந்திருந்தால் வால்வின் கால் முழுசாக இருந்திருக்கும். அதுவும் தெரிந்தது. ஆனால் வயிறு எரிந்தது. பொய் சொன்னவளுக்கு எஃகுகூட உதவி செய்கிறது. நாளை பத்து மணிக்கு இந்தப் படம் திரையில் ஏறும். எல்லோரும் கைதட்டுவார்கள். எழுதிக் கொடுத்த கை யாருடையது என்றுகூடக் கேட்க மாட்டார்கள். கேட்டால் சிரிப்பார்கள்: 'அட, ஈயக்கைக்கே சரியா வந்திருக்கே, அப்ப ஸ்டீல் அவ்வளவு நல்ல ஸ்டீல்!'

அதை நினைத்ததும் எழுந்தாள். படத்தைப் பதிவு செய்யவில்லை.

கீழே வந்து கதவைச் சாத்தினாள். இந்தப் பெயரை ஆறு வருடம் சும்மா சுமந்தாயிற்று. இனி அதற்குரிய வேலையைச் செய்துவிடலாம்.

வெறும் இழுப்பு போதாது. அது சேறு பூசியது போல இருக்கும், தெரிந்தவர்கள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். நிஜமாக உள்ளே போகும் ஈயம் எஃகுக்குள் நெருங்கி அடுக்கியிருக்கும் நுண்மணிகளுக்கு நடுவே உள்ள இடுக்கு வழியாகப் போகும், வேர் போல. அப்படி வர வேண்டும். அமிலத்தைப் பஞ்சில் தொட்டு விளிம்பில் வைத்தாள். எட்டு விநாடி. எஃகின் மணிகள் பிரிந்து நடுவே மிக மெல்லிய பள்ளங்கள் விழுந்தன. கழுவினாள். பிறகு தேய்ந்துபோன பழைய துணியைத் தேய்க்கும் சுழல் வட்டில் மாட்டினாள். ஆல்கஹால் விடவில்லை. ஈயத்தின் பக்கத்திலிருந்து எஃகின் பக்கமாக, ஒரே திசையில், முழங்கையின் பலம் முழுவதையும் கொடுத்து அழுத்தினாள். ஈயம் இழுபட்டது. பள்ளங்களில் போய் அடைந்தது. மேலே வழிந்ததைப் புதுத் துணியில் இரண்டே சுற்றில் எடுத்தாள். உள்ளே அடைந்தது நின்றது.

இதைச் செய்யத் தெரிந்தவர் இந்தத் தொழிலில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்தாள். தப்பு செய்யாத கைக்குத்தான் இவ்வளவு சுத்தமாகத் தப்பு செய்ய வரும்.

மதியம் இரண்டு மணிக்குப் படம் எடுத்தாள். வெள்ளை விரல்கள். எழுபது மைக்ரான்.

எழுபது என்று அவள் திட்டமிடவில்லை. அளந்தபோது அப்படித்தான் வந்தது.

மூன்றரைக்கு வால்வு கழிவுப் பீப்பாய் எடுப்பவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். புதன்கிழமைதோறும் வருவார்கள். அவள் துண்டைப் பீப்பாய்க்குள் போட்டாள்.

"அது நேத்து நான் கொண்டுவந்தது இல்ல?" என்றார் வால்வு.

"படம் எடுத்தாச்சுண்ணே."

"ரெண்டு வாரமாவது வச்சிருக்கணுமே."

"அன்னிக்கு வச்சிருந்தாங்களா?"

வால்வு அவளைப் பார்த்தார். பீப்பாயைப் பார்த்தார். "படத்துல என்ன இருக்கு?"

"ஈயம் உள்ள போயிருக்கு. எழுபது."

"புது ஸ்டீல்லயா?"

"ஆமா."

அவர் பீப்பாயின் மூடியைக் கையில் எடுத்தார். "அப்ப மறுபடி பழசுதான் போடுவாங்க."

"போடட்டும்."

"போடட்டும்னா? அதுக்குக் கீழ நிக்கப்போறது யாரு? குழுவா வந்து நிக்கும்?"

"அண்ணே, உங்க காலுக்கும் சேர்த்துத்தான்..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

"என் காலை எதுக்கும் சேர்க்காத" என்றார் வால்வு. பீப்பாயின் மூடியைத் தானே இறுக்கினார். இறுக்கிவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் சாவி கொடுக்கறவன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து மணிக்கு அவள் படத்தை அண்ணிக்கு அனுப்பினாள். ஒரு வரி எழுதினாள்: விளிம்பிலிருந்து ஈய ஊடுருவல், எழுபது மைக்ரான். கீழே கையெழுத்து.

அண்ணி இப்போது இரண்டில் ஒன்றுதான் சொல்ல முடியும். நிஜம் என்றால் ஏழு வருட வேலைக்குத் தானே மண் அள்ளிப் போட வேண்டும். இழுப்பு என்றால், இவள் கையில் எதற்குக் கொடுத்தாய் என்று கேட்பார்கள். மறுபடி தேய்த்துக் காட்டு என்று கெஞ்சினால், துண்டு கழிவுக்குப் போயிடுச்சு மேடம். அந்த வாக்கியத்தை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் தித்தித்தது.

அண்ணியிடமிருந்து போன் வரவில்லை. பதில் வரவில்லை. கணவனுக்கும் வரவில்லை.

வியாழன் பத்து மணி. நீள மேசையின் ஒரு பக்கம் குழு, மூன்று பேர். நடுவில் தலைவர். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவார். எதிரே அண்ணி. ஓரத்தில் பழைய எஃகுக்காக வாதாடும் இரண்டு பொறியாளர்கள், கோப்பையில் சர்க்கரை கலக்கிக்கொண்டு. படம் எடுத்தவள் என்பதால் அவளைத் திரைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். நாற்காலி போடவில்லை.

எடைக் கணக்கு முதலில் வந்தது. கழுவிய இரண்டு துண்டுகளிலும் எடை குறையவில்லை. தலைவர் தலையாட்டினார். பிறகு அவள் எடுத்த படம் திரையில் ஏறியது.

கரண்டிச் சத்தம் நின்றது.

"இது என்னங்க?" என்றார் தலைவர்.

"ஊடுருவல், சார். எழுபது மைக்ரான்" என்றாள் அவள்.

பழைய எஃகுப் பொறியாளர்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "எட்டாயிரம் மணிக்கு எழுபதுன்னா நம்ம பழசே தேவலாமே" என்றார்.

அண்ணி படத்தைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. ஆறு வருடம் காத்திருந்தது இதற்குத்தான். அவள் அந்த முகத்தை ஆற அமரப் பார்த்தாள்.

தலைவர் ஒரு பழைய கோப்பைப் புரட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். "ஒரு நிமிஷம். இவங்க பேரில ஏற்கனவே ஒரு குறிப்பு இருக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி. தேய்க்கும்போது இழுத்துட்டாங்கன்னு."

"ஈயக்கை" என்று ஓரத்தில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள். ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"எடை குறையல. படத்துல மட்டும் ஈயம் உள்ள இருக்கு. எடுத்தவங்களும் அதே ஆள்." தலைவர் அண்ணியின் பக்கம் திரும்பினார். "அப்ப விஷயம் சுலபம். வேற ஆள் இல்லாம இவங்ககிட்ட கொடுக்க வேண்டி வந்துது, பழைய தப்பு மறுபடி நடந்திருக்கு. இழுப்புன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா அப்படியே எழுதிக்கிட்டு மேல போயிடலாம். மறு துண்டை அப்புறம் பார்த்துக்கலாம். ஸ்டீல்ல எங்களுக்குச் சந்தேகம் இல்ல."

இதை அவள் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. ஏற்கனவே கெட்டுப்போன கையால் யாரையும் கெடுக்க முடியாது. அண்ணி அன்று பூசிய கறையே இன்று அண்ணிக்குக் குடையாகிவிட்டது. ஒரே ஒரு வார்த்தை. அதுவும் இந்தத் தடவை உண்மையான வார்த்தை. சொல்லிவிட்டு அண்ணி எழுந்து போய்விடுவாள். இவள் கீழ்த்தளத்துக்குப் போவாள், இந்தத் தடவை நியாயமாகவே.

சொல்லு, சொல்லித் தொலை என்று நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணி எழுந்தாள். திரைக்குக் கிட்டே வந்து நின்று வெள்ளை விரல்களைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணியிலேர்ந்து இதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றாள், குழுவிடம். "இழுப்புன்னு சொல்லிடலாம்னுதான் இங்க வந்தேன். நீங்க கேக்காமலே சொல்லியிருப்பேன்."

"சொல்லுங்க, எழுதிக்கறோம்."

"அந்தப் பழைய குறிப்பு நான் எழுதினது. அதை முதல்ல அடிச்சுடுங்க."

தலைவர் பேனாவை எடுக்கவில்லை. "புரியல."

"அன்னிக்கு அந்தத் துண்டுல ஈயம் உள்ள போயிருந்தது. இவ சரியாத்தான் எடுத்திருந்தா. மறுபடி தேய்ச்சாலும் அது போகாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் துண்டைக் கழிவுல போட்டேன். சுற்றை நிறுத்தச் சொல்லிடுவாங்கன்னு பயம். சொந்தக்காரி நான் சொன்னா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்கன்னும் தெரியும். அஞ்சு மாசத்துல வளைவு போச்சு. ஒரு ஆளுக்குக் கால்விரல் போச்சு. அந்த அறிக்கையும் பொய்தான்."

தலைவரின் கடிகாரம் மேசைமேல் ஓடும் சத்தம் கேட்டது.

"நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்றார் தலைவர். "இதுக்கப்புறம் உங்க வேலை..."

"தெரியும்."

இதுதான் அவள் கேட்டது. இதைக் கேட்கத்தான் எத்தனையோ ராத்திரி விழித்துக் கிடந்தாள். சபை நடுவில், எல்லோர் காதிலும் விழ, அண்ணியின் வாயாலேயே. வந்துவிட்டது. வந்ததும் அது அவள் கைக்குள் நிற்காமல் வழிந்தது. இன்னும் ஒரு நாள் முன்னால் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? பாவி, ஒரே ஒரு நாள்.

அண்ணி அவள் பக்கம் திரும்பினாள். இவ்வளவு நெருக்கத்தில், அலுவலகத்தில், இருவரும் நேருக்கு நேர் நின்று ஆறு வருடமாயிற்று.

"எனக்கு இந்த ஸ்டீல் நல்ல ஸ்டீல்னு தோணுது" என்றாள். "ஏழு வருஷமாத் தோணுது. ஆனா தோணறது வேற. அன்னிக்கு எனக்கு எது வேணுமோ அதைத்தான் சொன்னேன். இந்தக் கட்டடத்துல வெட்டிப் பார்த்துட்டு உள்ளதைச் சொன்ன ஒரே ஆள் நீ."

பழைய எஃகுப் பொறியாளர்கள் இருவரும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். தலைவர் இப்போது பேனாவை எடுத்தார். தாளின் மேல் அதை நிறுத்தி வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

அவள் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நகக்கண்ணில் சாம்பல் நிறமாக ஏதோ இருந்தது. காலையில் மூன்று தரம் கழுவியிருந்தாள்.

"துண்டு எங்கேன்னு நான் கேக்கப் போறதில்ல" என்றாள் அண்ணி. "நீ சொல்றது எதுவோ அதுதான் போகும், பழைய ஸ்டீலோ புதுசோ. சொல்லும்மா, இது உள்ள போனதா, இழுப்பா?"